அக்கரை என்னும் ஊர்ப்பெயர்

கடலூர் முதுநகருக்கு எதிரே, உப்பனாற்றின் மறுபுறத்தில் அக்கரைகோரி என்றொரு மீனவச் சிற்றூர் உண்டு. சிதம்பரத்திற்குத் தென்கிழக்கே, கொள்ளிடத்து நீருக்கு நடுவே அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் உண்டு. இப்பெயர்களைச் சூட்டியவர் அங்கு வாழ்ந்தவராய் இருக்க முடியாது. தான் நிற்கும் கரையை எவரும் அக்கரை என்று அழைப்பதில்லை. பட்டணத்துக் கரையில் நின்று நோக்கியவர் வைத்த பெயர் அது. கூடையும் கையுமாகப் படகேறி வந்து, சந்தையில் மீன் விற்றுத் திரும்பியோர் அப்பெயரையே தம் ஊருக்கு ஏற்றுக்கொண்டனர்.

கடலூரின் வரலாறே நீரைக் கடந்தோரின் வரலாறு எனலாம். கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பரடிகள் கரைசேர்ந்த இடமென்று சைவ மரபு போற்றும் சிற்றூருக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களெல்லாம் தமக்கே என்று எல்லை வகுத்தனர். நல்ல நிலஅளவை முறை! அதன்பின் ஊர் துண்டு துண்டாகவே வளர்ந்தது. துறைமுகமும் பண்டகசாலைகளும் முதுநகரில், ஆட்சியர் அலுவலகம் கெடிலத்தின் வடகரையான மஞ்சக்குப்பத்தில், திருப்பாதிரிப்புலியூரோ தென்கரையில். எழுத்தரும் வழக்காட வந்தோரும் கோடையில் மணலைக் கடந்தனர். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்தைக் கடந்தனர். இன்று அண்ணா பாலத்தின்மேல் பேருந்தில் விரைகின்ற நாம் கீழே ஓர் ஆறு இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

வெள்ளாற்றின் முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துத் தாது ஆற்றுவழியே அங்கு வந்து சேர்ந்தது. அவ்வாலையின் இரும்பு, வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின்மீது 1850இல் திறக்கப்பட்ட பிரித்தானியா பாலத்திற்குப் பயன்பட்டதாக எழுதிவைத்துள்ளனர். அது மெய்யாயின், நம் ஆற்றங்கரை இரும்பு கடல்கடந்து சென்று பிறருக்குப் பாலமாயிற்று; இங்கே நம் மக்கள் படகுக்காகக் காத்திருந்தனர்.

பாலங்கள் இங்கும் வராமலில்லை. 1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் கடந்து தஞ்சைக்குச் சென்றது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், இருபுறத்து ஊர்களிலிருந்தும் மாணவர்கள் அவ்வழியே சிதம்பரம் வந்து சேர்ந்தனர். ஆகஸ்டு மாத இறுதியில், காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம்மவரும் கால் நனையாமல் கொள்ளிடத்தைக் கடக்கின்றனர். ஆயினும் பெரும்பாலங்கள் தொலைவிலுள்ள நகரங்களை இணைக்கவே எழுந்தவை. பக்கத்துத் தீவிலிருந்து பால்குடத்துடன் வரும் பெண்ணை எண்ணி அவற்றைக் கட்டியதாகத் தெரியவில்லை. கொல்கத்தாவில் 1943இல் ஹவுரா பாலம் திறக்கப்பட்ட பின்னும் ஹூக்ளியில் படகுகள் ஓய்ந்துவிடவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2018 ஆகஸ்டில் மேட்டூர் உபரிநீர் கொள்ளிடத்தில் பெருகியபோது, திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய ஊர்களை நீர் சூழ்ந்தது. நெடுஞ்சாலைப் பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, அதற்குக் கிழக்கேயிருந்த இம்மக்கள் படகில் வெளியேறினர்.

அதற்கு முன்னரே, 2004ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் கடல் எழுந்து வந்தது. சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி போன்ற ஊர்களில் முன்னே கடல், பின்னே கழி. அலைக்கு முதுகு காட்டி ஓடியவர்களையும் நீரே எதிர்கொண்டது. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிச்சாவரத்தையடுத்த எம்.ஜி.ஆர். திட்டு, படகின்றி எவரும் சென்றுவர இயலாத தீவு. அங்கு எஞ்சியோர் பின்னர் கிள்ளைப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். பிறந்த ஊர் அவர்களுக்கு இப்போது அக்கரை.