ஹெந்தளை மனையும் கேட்கும் இயந்திரமும்

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு நோக்கிச் செல்வோர் களனி கங்கையைக் கடந்ததும் வத்தளையை அடைவர். அதனை அடுத்த ஹெந்தளையில், 1708ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென ஒரு மனை எழுப்பினர். நகருக்கும் அம்மனைக்கும் இடையே ஆறு கிடந்தது. நோயாளரை ஊரினின்றும் பிரித்து வைப்பதே அக்காலத்தார் கண்ட வழி.

ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே வேறு சிலரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் சித்தம் கலங்கியோர். 1839இல் அவர்களைப் பற்றிய சட்டம் பிறந்தது. ஆயின் அவர்களை வைப்பதற்குத் தனி இடம் இருக்கவில்லை. ஆகவே தொழுநோயாளரின் அயலிலேயே தங்கவைக்கப்பட்டனர். 1847இல் பொறளையில் அவர்களுக்குத் தனி மனை அமைந்தது. பின்னர் அது கறுவாத்தோட்டத்துக்கும், 1926இல் அங்கொடைக்கும் மாறியது. இடம் மாறினும் இழிவு மாறவில்லை. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே ஏச்சாயிற்று. அவ்வேச்சுக்கு அஞ்சித் தம் துயரை வாய்விட்டுக் கூறாது மறைத்தோர் எத்தனை பேர்!

செவி கொடுத்தலே ஓர் உதவி என்னும் எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. 1953இல் இலண்டனில் சாட் வரா என்னும் கிறிஸ்தவ குரு, உயிரை மாய்க்க எண்ணுவோர் தொலைபேசியில் மனம்விட்டுப் பேச வழி செய்தார். அதே நோக்குடன் 1974இல் இலங்கையில் சுமித்ரயோ தோன்றியது. அங்கொடை மருத்துவமனையும் தேசிய மனநல நிறுவகமாகிய பின் தொலைபேசிச் சேவையொன்றை ஏற்படுத்தியது. மனை பிறந்த ஆண்டாகிய 1926 என்பதே அதன் இலக்கம்.

இதற்கிடையே இயந்திரமும் செவிமடுக்கத் தொடங்கியிருந்தது. 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணனி நிரலை வெளியிட்டார். ஒருவர் எழுதிய சொற்களையே திருப்பி அது வினாவாக்கும். பொருள் எதனையும் அது உணராது. ஆயினும் அவருடைய காரியதரிசியே, அதனுடன் தனித்துப் பேசவேண்டி, அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டார். வைசன்பாம் திடுக்கிட்டார். மனிதர் செய்யவேண்டிய சில பணிகளை இயந்திரத்திடம் விடலாகாது என 1976இல் ஒரு நூலே எழுதினார்.

2022இல் சாட்ஜிபிடி வந்தபின், தமிழிலேயே உரையாடும் இயந்திரம் கைத்தொலைபேசியில் குடிபுகுந்தது. நள்ளிரவிலும் அது விடையளிக்கும், ஏசாது, ஊராரிடம் சொல்லித் திரியாது. நாணத்தால் வாய் மூடியிருந்தவருக்கு இது சிறு நன்மையன்று. ஆயினும் அது பிழைபடக் கூறுவதுண்டு. கேட்போர் விரும்புவதையே ஒப்புக்கொள்வதுமுண்டு. ஆபத்து வேளையில் எழுந்து வந்து கதவைத் தட்ட அதற்குக் கால்களில்லை. நிலைத்து நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. மனத்துயர் கேட்பதற்கென்றே 2017இல் வெளிவந்த 'வோபாட்' 2025இல் மூடப்பட்டது.

துயருற்றவர் கண்ணில் படாதிருக்க ஊரார் அன்று ஆற்றுக்கு அப்பால் அனுப்பினர். இன்று, அவர் குரல் காதில் விழாதிருக்க இயந்திரத்திடம் அனுப்பினால், வீட்டுக்குள்ளேயே ஒரு ஹெந்தளை எழும். அவ்வியந்திரத்திடம் முதற்சொல்லைச் சொல்லிப் பழகியவர், அடுத்த சொல்லை ஒரு மனிதரிடம் சொல்லத் துணிவாராயின், அக்கருவி தன் கடமையைச் செய்ததாகும். அச்சொல்லைக் கேட்க வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும்.