சென்னைக்காக மோதிய இருவர்

1746-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்தது. எந்த நாளில்? ஆங்கிலேயரின் ஏடுகளைப் புரட்டினால் செப்டம்பர் 10 என்றிருக்கும். பிரெஞ்சு ஏடுகளிலோ செப்டம்பர் 21. இரண்டும் சரி, இரண்டும் ஒரே நாள்தான். இந்தப் புதிரை வகுப்பில் போட்டால் என் மாணவர்கள் முதலில் நம்புவதே இல்லை.

விடை பண்டைய ரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தி, ஓர் ஆண்டுக்கு 365¼ நாள் என்று வகுத்தார். பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவர உண்மையில் ஆகும் காலம் இதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் என்ன பெரிது என்று கேட்பீர்கள். 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். 1582-இல் போப்பாண்டவர் கிரெகரி இப்பிழையை நீக்கினார். பிரான்ஸ் அந்த ஆண்டே அதை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தோ 1752 வரை பிடிவாதமாகச் சீசரின் கணக்கிலேயே இருந்தது. எனவேதான் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. இக்கட்டுரையில் நான் பின்பற்றுவது கிரெகரியின் கணக்கை.

சீசர் பெயரைச் சொன்னால் நாட்காட்டிக்கு முன்பாக அதிகாரப் போட்டிதான் நினைவுக்கு வரும். கி.மு. 60-இல் சீசர், பாம்ப்பி, கிராசஸ் மூவரும் கைகோத்து ரோமாபுரியின் ஆட்சியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். கிராசஸ் போரில் மாண்டார். மிஞ்சிய இருவருக்கும் ரோம் ஒன்று போதவில்லை. பாம்ப்பி எகிப்தின் கரையில் வெட்டுண்டார். நான்காண்டு கழித்துச் சீசரும் குத்துண்டு இறந்தார். பகைவனை வெல்லும்வரை கூட்டாளிகள். வென்றபின், வென்றது யாருக்கு என்று சண்டை. இந்த நாடகம் நம் சென்னைக் கடற்கரையிலும் நடந்தது. பாடநூல்கள் அதை இரண்டே வரியில் முடித்துவிடுகின்றன.

டூப்ளேயை உங்களுக்குத் தெரியும். 1742 முதல் புதுச்சேரியின் கவர்னர். வணிகக் கம்பெனியின் ஊழியராக இருந்துகொண்டே நவாபுகளின் அரசியலில் காய் நகர்த்தியவர். மற்றவர் லா பூர்தொனே, மொரீஷியஸ் தீவின் கவர்னர். மாலுமியாகத் தொடங்கி உயர்ந்தவர். பிரான்சும் இங்கிலாந்தும் 1744-இல் போரில் இறங்கின. கிடைத்த வணிகக் கப்பல்களிலெல்லாம் பீரங்கி ஏற்றி, தானே ஒரு கப்பற்படையைத் திரட்டிக்கொண்டு 1746 கோடையில் இங்கே வந்து சேர்ந்தார் அவர். நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதினார். அது பின்னர் வங்காளம் நோக்கிப் போய்விட, சென்னைக்குக் கடற்பக்கத்தில் காவலே இல்லாமல் போயிற்று. செப்டம்பரில் லா பூர்தொனே கோட்டையைச் சூழ்ந்து குண்டு வீசினார். கவர்னர் மோர்ஸ் சரணடைந்தார்.

இனித்தான் கதையே. கைப்பற்றிய ஊரை என்ன செய்வது? பதினொரு இலட்சம் வராகன் ஈட்டுப்பணம் பெற்றுக்கொண்டு, கோட்டையை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாக லா பூர்தொனே வாக்களித்தார். பிடித்த ஊர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலிடம் தமக்கு இட்ட கட்டளையை அவர் ஆதாரம் காட்டினார். டூப்ளே கொதித்தார். இந்தியாவில் எதை வென்றாலும் அது தம் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அவர் வாதம். போதாக்குறைக்கு, சென்னையை உமக்கே தருகிறேன் என்று ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரே ஊரை ஒருவர் ஆங்கிலேயருக்கும் மற்றவர் நவாபுக்கும் வாக்களித்துவிட்டனர்! புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. டூப்ளேயின் ஆட்கள் ஆணையோடு வந்து நின்றபோது லா பூர்தொனே அவர்களைக் காவலில் வைத்தார்.

இப்படியே நாள்கள் ஓடின. இங்கேதான் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று இராயபுரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு அலைதடுப்புச் சுவர்களும் துறைமுகமும் தெரிகின்றன. அன்று அங்கே எதுவுமில்லை. நேர்கோடாக ஓடும் திறந்த கரை. கப்பல்கள் வெகு தூரத்தில், ஆழமான இடத்தில் நங்கூரமிடும். சரக்கு முழுவதையும் மசூலாப் படகில்தான் ஏற்றியிறக்க வேண்டும். ஆணியே இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. ஆணியடித்த படகு பிளந்து போகும் அலையில் இது வளைந்து கொடுத்துத் தப்பும். நம் மீனவர்களின் அருமையான பொறியியல். ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கோட்டையில் எடுத்த பண்டங்களைக் கப்பலேற்றவே பல நாள் பிடித்தது.

அக்டோபர் நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கி, வடகிழக்குக் காற்று திரும்புகிறது. அப்போது வங்கக் கடலின் மேற்பரப்பு 27 பாகை செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மழையாகும்போது வெளியிடும் வெப்பமே புயலுக்கு எரிபொருள். காற்றின் வேகம் இருமடங்கானால் அது பாய்மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கணக்குத் தெரியாத மாலுமிக்கும் இது தெரியும். ஆகவே அக்டோபர் நடுவுக்குள் சோழமண்டலக் கரையை விட்டுப் போய்விடுவது பாய்மரக் கப்பல்களின் வழக்கம். லா பூர்தொனேயும் அறியாதவரல்லர். டூப்ளே ஒப்பந்தத்தை ஏற்காமல் தாம் புறப்பட்டால், கொடுத்த வாக்குக் காற்றில் போகும் என்று காத்திருந்தார்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளை. அக்டோபர் 13 பகல் முழுவதும் வானம் தெளிவாகவே இருந்தது. நள்ளிரவில் புயல் எழுந்தது. காற்று கரையை நோக்கித் தள்ளினால் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு நடுக்கடலுக்கு ஓடுவதுதான் ஒரே வழி. விடிந்தபோது கோட்டைக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பலும் கண்ணில் படவில்லை. சில மூழ்கிவிட்டன. சில பாய்மரம் முறிந்து, எடையைக் குறைக்கப் பீரங்கிகளையே கடலில் எறிந்துவிட்டுத் தத்தளித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். இன்றோ, தாழ்வுநிலை உருவானவுடனே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடுகிறது. எங்கள் பகுதிச் சிறுவர்கள்கூட எத்தனையாம் எண் என்று கேட்கிறார்கள்.

அந்தக் கப்பல்கள் இருந்திருந்தால் கடலூரையும் கல்கத்தாவையும் கூட பிரெஞ்சுக்காரர் தொட்டிருக்கலாம். பத்து நாள் கழித்து, ஒட்டுப்போட்ட கப்பல்களோடு லா பூர்தொனே சென்னையை விட்டு நீங்கினார். ஊரைத் தம் கையில் எடுத்துக்கொண்ட டூப்ளே ஒப்பந்தத்தைச் செல்லாது என்றார். ஊர் கேட்டு வந்த நவாபின் பெரும்படையை அடையாற்றங்கரையில் பிரெஞ்சுச் சிறுபடை விரட்டியது. மோர்ஸ் கைதியாகப் புதுச்சேரி சென்றார். இருபத்தொரு வயதுக் கணக்கர் ஒருவர் மாறுவேடத்தில் கடலூர்ப் பக்கம் தப்பினார். அவர் பெயர் இராபர்ட் கிளைவ்.

ஊர் மக்களை யார் எண்ணினார்கள்? கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் பாதுகாப்புக்கென்று இடித்தனர். மிச்சத்தைப் பின்னால் ஆங்கிலேயரே இடித்துவிட்டனர். இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் வெளி அதுதான். இத்தனையையும் புதுச்சேரியில் இருந்து கவனித்துத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பிறந்தது நம் பெரம்பூரில், 1709-இல். வீட்டில் மாணவர்கள் யாரேனும் இருந்தால், நூலகத்தில் அந்த நாட்குறிப்பைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

1748 உடன்படிக்கையில், வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு மாற்றாகச் சென்னை ஆங்கிலேயருக்கே திரும்பியது. இதற்குத்தானா அத்தனை சண்டை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்போது லா பூர்தொனே பாரிசில் பாஸ்டில் சிறையில் இருந்தார். ஆங்கிலேயரிடம் கைநீட்டினார் என்பது குற்றச்சாட்டு. எழுதுகோல் தராததால் கைக்குட்டையில் கஞ்சி தோய்த்து விறைப்பாக்கி அதில் எழுதினார் என்று சொல்வார்கள். 1751-இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். உடல் தேறவில்லை, 1753 நவம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே டூப்ளேயைக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. கைப்பணத்தைச் செலவழித்தேன், திருப்பிக் கொடுங்கள் என்று அதனோடு வழக்காடியே நொடித்துப்போனார். 1763 நவம்பரில் அவரும் இறந்தார்.

மொரீஷியசில், போர்ட் லூயித் துறைமுகத்தருகே லா பூர்தொனேக்குச் சிலை இருக்கிறது. டூப்ளேயின் சிலை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது, போகும்போது பாருங்கள்.