சாலைக்கு வகுப்பு பிரித்த கதை

கணினி வரைபடத்தில் ஒரு சாலையைக் கோடாக இழுத்துவிட்டால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. அது எந்த வகுப்புச் சாலை என்று சொல்ல வேண்டும். எண் இருந்தால் எண், பெயர் இருந்தால் பெயர். இவற்றில் வகுப்புதான் முக்கியம். வழி சொல்லும் மென்பொருளுக்குக் கண் கிடையாதே! எழுதி வைத்ததைத்தான் அது படிக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தை வைத்து வழி கணக்கிடும் மென்பொருள்களில் ஓ.எஸ்.ஆர்.எம். ஒன்று. வேக வரம்பு எழுதப்படாத சாலை என்றால், வகுப்பைப் பார்த்தே அது ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளும். காருக்கான அதன் வழக்கமான அமைப்பில் 'ட்ரங்க்' வகுப்புக்கு மணிக்கு 85 கிலோமீட்டர், 'அன்கிளாசிஃபைடு' வகுப்புக்கு 25. ஆக, அதே 60 கிலோமீட்டர் சாலை ஒரு வகுப்பில் 42 நிமிடம், இன்னொரு வகுப்பில் 2 மணி 24 நிமிடம். வரைபவர் ஒரு சொல்லை மாற்றினால் வண்டி வேறு ஊர் வழியாகப் போய்விடும்.

மோட்டார்வே, ட்ரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அன்கிளாசிஃபைடு, ரெசிடென்ஷியல். பெரிதிலிருந்து சிறிதாக அந்த வரைபடத்தின் வகுப்புகள் இவை. பார்த்தால் ஏதோ பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்த அறிவியல் பட்டியல் மாதிரி இருக்கும். உண்மையில் இது முதல் உலகப் போர் முடிந்த கையோடு லண்டனில் போட்ட ஒரு செலவுக் கணக்கின் மிச்சம்.

1919-இல் பிரிட்டனில் போக்குவரத்து அமைச்சகம் உருவானது. முதல் அமைச்சர் எரிக் கெடிஸ். மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்தன, சாலைகளோ கவுண்டி கவுன்சில்கள் கையில். வெளியூர் லாரிகள் உடைத்த சாலையை உள்ளூர்க்காரன் வரிப்பணத்தில் ஏன் சரி செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதனால் வண்டிகளிடம் வாங்கும் வரியைச் சாலை நிதியாக்கி மான்யம் கொடுக்க 1920-இல் சட்டம் வந்தது. எந்தச் சாலைக்கு எவ்வளவு? முக்கிய நகரங்களை இணைப்பவை முதல் வகுப்பு, பராமரிப்புச் செலவில் பாதியை அரசு தரும். அடுத்த நிலை ஊர்களை இணைப்பவை இரண்டாம் வகுப்பு, கால் பங்கு தரும். பட்டியலில் வராதது 'வகுப்பில்லாதது'. சாலை எப்படி இருக்கிறது என்பதைவிட, யார் எவ்வளவு கொடுப்பது என்பதைத்தான் அந்த வகுப்பு சொன்னது.

முதல் வகுப்புக்கு 'ஏ', இரண்டாம் வகுப்புக்கு 'பி' என்று எழுத்தும் எண்ணும் வைத்து 1923-இல் பட்டியல் வெளியானது. எண் வைத்த முறை அழகானது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஏ1, டோவருக்கு ஏ2, போர்ட்ஸ்மத்துக்கு ஏ3 என்று கடிகாரச் சுற்றில் ஏ6 வரை ஆரக்கால் போலப் பிரியும். ஏ7, ஏ8, ஏ9 அன்று எடின்பரோவிலிருந்து கிளம்பின. இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே உள்ள சாலைகள் பெரும்பாலும் அந்தப் பகுதியின் எண்ணில் தொடங்கும். எண்ணைக் கேட்டதும் நாட்டின் எந்த மூலை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பிறகு 1936-இல் ட்ரங்க் சாலைச் சட்டம். இதிலும் பணம்தான் பேசியது. 30 சாலைகள், சுமார் 4,500 மைல், அடுத்த ஆண்டு நேரடியாக அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தன. 1958 டிசம்பரில் பிரெஸ்டன் புறவழிச்சாலை திறக்கப்பட்டு மோட்டார்வே என்ற புது ரகம் சேர்ந்தது. 1960-களில் வழிகாட்டிப் பலகைகளைத் திருத்தியபோது மோட்டார்வேக்கு நீலம், நெடுந்தூரப் பயணத்துக்கான ஏ சாலைகளுக்குப் பச்சை என்று ஆனது. இந்தப் பச்சைப் பலகைச் சாலைகளுக்கு அரசு வைத்த பெயர் 'பிரைமரி ரூட்'. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2004-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கினார். மக்கள் பணத்தில் வளர்ந்த ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம், அந்தக் காலத்தில் தன் வரைபடத் தரவுக்குக் காசும் உரிமமும் கேட்டது. அந்த எரிச்சலில் பிறந்த திட்டம் இது. முதலில் வரைந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ்காரர்கள். ஜி.பி.எஸ். கருவியோடு சைக்கிளில் சுற்றி வந்து, தங்களுக்குத் தெரிந்த சொற்களைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது உலகம் முழுக்கப் பரவும் என்று அன்று யார் கண்டது?

விளைவுகளில் சில சிரிப்பை வரவழைக்கும். பிரிட்டிஷ் அரசு 'பிரைமரி' என்று சொல்லும் பச்சைப் பலகைச் சாலை இந்த வரைபடத்தில் 'ட்ரங்க்'. வரைபடம் 'பிரைமரி' என்று சொல்வதோ, அரசு பிரைமரி இல்லை என்று ஒதுக்கிய ஏ சாலை! அடுத்து, எல்லா வழிகளுக்கும் பொதுவான குறிச்சொல் 'ஹைவே'. இங்கிலாந்துச் சட்டத்தில் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள ஒற்றையடிப் பாதையும் ஹைவேதான். அதனால் இந்த வரைபடத்தில் நடைபாதை ஒரு ஹைவே, மாடிப்படிக்கட்டுகூட ஒரு ஹைவே. நம்மூர்ப் பொருளில் படித்தால் பழநி மலைப் படிகள் ஒரு நெடுஞ்சாலை. ;-)

சிரிப்பு வராத இடம் 'அன்கிளாசிஃபைடு'. புதிதாக வருபவர்கள் "என்ன சாலை என்று தெரியவில்லை" என்ற பொருளில் இதைப் போட்டுவிடுவார்கள். உண்மைப் பொருள் வேறு. ஊர்களை இணைக்கும் சாலைகளில் கடைசிப் படி இது. வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவான ரெசிடென்ஷியல் தனி. தெரியாத சாலைக்கு 'ரோடு' என்றே ஒரு குறி இருக்கிறது. மான்யம் கிடைக்காத சாலைக்கு 1920-களில் வைத்த பெயர், நூறு ஆண்டு கழித்தும் உலகம் முழுக்கக் குழப்பிக்கொண்டிருக்கிறது.

மற்ற நாடுகள் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டன. ஜெர்மனியில் ட்ரங்க் என்றால் மோட்டார்வே மாதிரியே கட்டிய சாலை மட்டும். அமெரிக்காவில் வேறு கதை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் 'டைகர்' என்ற தரவை 2007-08-இல் மொத்தமாக உள்ளே கொண்டுவந்தார்கள். தலையெண்ணும் துறைக்கு நகரத்துத் தெருவும் காட்டு மண்பாதையும் ஒரே 'உள்ளூர்ச் சாலை'. அப்படியே எல்லாம் ரெசிடென்ஷியல் ஆகிவிட்டது. ஆள் அரவமற்ற மேற்குப் பகுதியில் வீடே இல்லாத பாதைகள் குடியிருப்புத் தெருக்களாக ஆண்டுக்கணக்கில் கிடந்தன. ஆப்பிரிக்க நாடுகளுக்கான வழிகாட்டுதல் இவற்றைவிடத் தெளிவு: தார் போட்டதா, அகலமா என்று பார்க்காதே, எந்த ஊர்களை இணைக்கிறது என்று பார். செம்மண் சாலையும் முதன்மைச் சாலையாக இருக்கலாம். மண் என்பதைத் தனிக் குறிச்சொல்லில் எழுது. மொத்தத்தில் இதுதான் சரியான வழி என்று தோன்றுகிறது. லாரி ஓட்டுபவர் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 1943 டிசம்பரில் நாக்பூரில் தலைமைப் பொறியாளர்கள் கூடிப் போட்ட திட்டம்தான் இங்கே அடிப்படை. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்ற பிரிவு அங்கேதான் வந்தது. வளமான விவசாயப் பகுதியில் எந்தக் கிராமமும் முதன்மைச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது என்ற நல்ல குறிக்கோளும் அதில் இருந்தது. ஆனால் இங்கேயும் வகுப்பு என்பது எந்த அரசின் பொறுப்பு என்பதுதான். இந்தியச் சாலைகளை வரைபவர்களின் வழிகாட்டுதல் இதை அப்படியே பொருத்தியது: தேசிய நெடுஞ்சாலை ட்ரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, முக்கிய மாவட்டச் சாலை செகண்டரி. இதில் வசதி உண்டு. மைல்கல் தலையில் மஞ்சள் இருந்தால் தேசியம், பச்சை என்றால் மாநிலம். யாரும் சண்டை போட வேண்டாம்.

சிக்கல், அறிவிப்பு வேகமாகவும் சாலை மெதுவாகவும் வளர்வதில் இருக்கிறது. 2014 மார்ச்சில் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2023 கடைசியில் சுமார் 1,46,000. இதில் எல்லாம் புதிதாகப் போட்டதல்ல. மாநிலச் சாலையாக இருந்து பெயர் மாறியவை நிறைய. எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய சாலையும் அறிவிப்பு வந்த மறுநாள் ட்ரங்க் ஆகிவிடும். சென்னையின் ஆறு வழி ஓ.எம்.ஆரோ மாநில நெடுஞ்சாலை 49ஏ என்பதால் ஒரு படி கீழே. கணக்கு சரி, வழி தப்பு. வரைபவர்களுக்குள் இது முடியாத வாக்குவாதம்.

எண் விஷயத்தில் 2010-இல் வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்காக எண் ஏறும். கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்காக ஏறும். அதனால்தான் லடாக் பக்கம் 1, ராமேஸ்வரத்தில் 87. மூன்று இலக்கம் என்றால் கிளை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. பழைய 47-இல் சேலம் கொச்சிப் பகுதி 44-இன் கிளையாக 544 ஆனது. முறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பழைய 45 என்ற ஒரே எண்ணில் போனவர்கள் இப்போது திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அப்புறம் 38 என்று மூன்று எண்களைத் தாண்ட வேண்டும். சாலை மாறவில்லை, ஓட்டுநர் திரும்பவும் இல்லை. இதற்காகத்தான் பழைய எண்ணை அழித்துவிடாமல் தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ள வரைபடத்தில் இடம் இருக்கிறது.

பெயருக்கான விதிகள் எளிமையானவை, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். முதல் விதி, பலகையில் என்ன இருக்கிறதோ அதை எழுது. பிரஸ்ஸல்ஸ் நகரப் பலகையில் பிரெஞ்சும் டச்சும் இருக்கும். பெயர்க் கட்டத்தில் இரண்டுமே வரும். இரண்டாவது, சுருக்காதே. கணினி ஒரு சொல்லைச் சுருக்கிக்காட்ட முடியும், சுருக்கியதை விரிப்பது அதற்கு ஆபத்து. ஆங்கிலத்தில் 'செயின்ட்' என்பதற்கும் 'ஸ்ட்ரீட்' என்பதற்கும் ஒரே சுருக்கம். குரல்வழி சொல்லும் கருவி புனிதரைத் தெருவாக்கிவிடும்.

இந்த இரண்டு விதிகளும் மோதும் இடம் ஜி.எஸ்.டி. ரோடு. விரித்தால் கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. யார் அப்படிச் சொல்கிறார்கள்? 2017-க்குப் பிறகு அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் வெளியூர்க்காரருக்கு வரிதான் நினைவுக்கு வரும். அதற்கும் வரைபடத்தில் வழி உண்டு. பெயர் ஒரு கட்டம், மாற்றுப் பெயர் ஒரு கட்டம், பழைய பெயர் ஒரு கட்டம், தமிழ்ப் பெயர் தனியாக ஒரு கட்டம். அண்ணா சாலை என்று தேடினாலும் மவுண்ட் ரோடு என்று தேடினாலும் ஒரே கோடு ஒளிர்வதற்கு, யாரோ ஒருவர் அந்த இரண்டையும் உரிய கட்டத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்க வேண்டும்.