தாடைக்குள் திறந்த சன்னல்

பத்து வயதுப் பிள்ளையின் கன்னம் ஒரு பக்கம் மெல்ல வீங்குகிறது. வலி இல்லை. பால்பல் விழுந்த இடத்தில் புதுப் பல்லும் காணவில்லை. எக்ஸ்ரே படத்தில் தாடை எலும்புக்குள் ஒரு கரிய வட்டம் தெரிகிறது. முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி நீர் கோத்த ஒரு பை! இதைத்தான் தாடை நீர்க்கட்டி என்கிறோம். பைக்குள் நீர் சேரச் சேர அழுத்தம் கூடுகிறது. சுற்றியுள்ள எலும்பு கரைந்து வழிவிடுகிறது.

இதற்கு என்ன வழி? சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள பிரெஸ்லாவ் நகரில் கார்ல் பார்ச் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1892ஆம் ஆண்டு அவர் ஒரு முறையை விளக்கினார். கட்டியை முழுதும் தோண்டி எடுக்காமல், அதன் சுவரில் ஒரு சன்னல் திறந்து, விளிம்பை வாயின் உட்தோலோடு சேர்த்துத் தைப்பதே அம்முறை. நீர் வடிந்து அழுத்தம் தணிகிறது. கங்காருவின் வயிற்றுப் பையைப் போல் கட்டி வாய்க்குள் திறந்து நிற்பதால், அந்தப் பையை ஒட்டியே இம்முறைக்குப் பெயரும் அமைந்தது. ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டதோ 1895இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்வோம்.

1910இல் பார்ச் இரண்டாவது முறையையும் கூறினார்: கட்டியை முழுதாக எடுத்து, காயத்தை மூடிவிடுவது. சிறிய கட்டிக்கு இது ஏற்றது. ஆனால் இளம்பிள்ளையின் பெரிய கட்டியில், வளரும் பற்களும் கீழ்த்தாடை நரம்பும் சேதமடையக்கூடும். மெலிந்த எலும்பு முறியவும் கூடும். ஆகவே, அத்தகைய பிள்ளைகளுக்குப் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது. சில வேளைகளில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி வைப்பதும் உண்டு. எலும்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்கிறது. சிக்கியிருந்த பல் பெரும்பாலும் தானே மேலெழும்புகிறது. எழாவிட்டால் கம்பி கட்டி இழுக்கலாம்.

இம்முறையில் குறையும் உண்டு. பல மாதங்கள் நாள்தோறும் குழியைக் கழுவ வேண்டும்; பிள்ளைக்கும் தாய்க்கும் பொறுமை வேண்டும். கட்டியின் சுவர் உள்ளேயே தங்குவதால், அதன் ஒரு துண்டை நுண்ணோக்கியில் சோதித்தாக வேண்டும். வேறு வகைக் கட்டியும் நீர்க்கட்டி போலத் தோன்றலாம். சில வகைகள் திரும்ப வரும். இரண்டாவது அறுவையும் ஆண்டுக்கணக்கான கண்காணிப்பும் தேவைப்படலாம்.

பக்கத்துப் பல் முளைத்தும் ஒரு பல் மட்டும் வராதிருந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் காட்டுவோம்.