மருத்துவக் கல்வியின் புதிய கிளைகளும் வாவிக்கரை மாணவரும்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த பின்னர் வருடந்தோறும் ஒரே காட்சியை நாம் காண்கின்றோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை ஏந்தியவாறு மாணவர்கள் ஆசிரியரைத் தேடி வருகின்றனர். உயிரியற் பிரிவில் நல்ல புள்ளி பெற்றவர்கள் கேட்கும் வினா ஒன்றே: "சேர், மட்டக்களப்பு மருத்துவ பீடத்தை எத்தனையாவது விருப்பமாக எழுதுவது?" ஆசிரியர் வாய்திறக்குமுன்னரே, அருகில் நிற்கும் தந்தையார் விடை கூறிவிடுவார்: "கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் எல்லாம் போட்ட பிறகு கடைசியிலே போடட்டும், சேர். அது பிறகு வந்ததுதானே!"

'பிறகு வந்தது' என்னும் இச்சிறு சொற்றொடரை நாம் இலேசாக எண்ணிவிடலாகாது. பழையது உயர்ந்தது, புதியது தாழ்ந்தது. தலைநகரில் இருப்பது முழுமையானது, கரையோரத்தில் முளைத்தது குறையானது என்னும் ஒரு மதிப்பீடு அதனுள் மறைந்து கிடக்கின்றது. இம்மதிப்பீடு உண்மைதானா? மருத்துவக் கல்வியின் வரலாறு இதற்கு என்ன விடை தருகின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தொலைதேசத்து உதாரணம் ஒன்றை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவில் இன்று வைத்தியராவதற்கு இருவகைப் பட்டங்கள் உள்ளன. ஒன்று உலகெங்கும் வழங்கும் மேலைத்தேய வைத்தியப் பட்டம். மற்றையது ஒஸ்தியோபதி என்னும் வைத்திய நெறியின் வழிவந்த பட்டம். இந்நெறியை வகுத்தவர் அந்திரு ரெயிலர் ஸ்ரில் என்பவர். 1828இல் பிறந்த இவர் எல்லைப்புற நாட்டில் வைத்தியம் செய்தவர். அடிமை முறையை எதிர்த்தவர். உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் நின்றவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. வைத்தியராகிய தந்தை கையறுநிலையில் நின்று அதனைக் கண்டார். அக்கால மருந்துகளில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை அன்றே தகர்ந்தது. எலும்பும் தசையும் குருதியோட்டமும் ஒன்றோடொன்று இணைந்த முழுமையே உடல் என்றும், அவ்விணைப்பைச் சீர்செய்வதே வைத்தியத்தின் அடிப்படை என்றும் 1874இல் அவர் அறிவித்தார். அவர் கூறியவை யாவும் பிற்கால விஞ்ஞானத்தின் சோதனையில் நின்றுவிடவில்லை. எனினும், இரசமும் அபினும் கலந்த மருந்துகளை அளவின்றிக் கொடுத்துவந்த காலத்தில் அவர் எழுப்பிய வினா நியாயமானதே என்பது மறுக்கற்பாலதன்று.

1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் ஸ்ரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் 21 பேர். அவர்களுள் ஐவர் பெண்கள். பெண்களுக்கு வைத்தியக் கல்லூரிகள் பல கதவடைத்திருந்த காலம் அது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1910இல் வெளிவந்த ஏபிரகாம் பிளெக்ஸ்னரின் புகழ்பெற்ற அறிக்கை ஒஸ்தியோபதிக் கல்லூரிகளைக் கடுமையாகச் சாடிற்று. மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த அவ்வறிக்கை உதவியது உண்மையே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். கறுப்பின மக்களுக்கென இயங்கிய ஏழு வைத்தியக் கல்லூரிகளுள் இரண்டே பின்னர் எஞ்சின. 'தரம்' என்னும் சொல் உண்மையான தரத்தையும் காக்கும். சில வேளைகளில் ஏழைகளுக்கெதிராகக் கதவையும் சாத்தும். எது எப்போது நிகழ்கின்றது என்பதைப் பிரித்தறிவதே முற்போக்காளரின் கடமையாகும்.

ஒஸ்தியோபதி வைத்தியர்கள் ஏளனத்துக்கு ஆளாகியும் கலைந்துவிடவில்லை. தம் கல்லூரிகளில் நவீன உடற்றொழிலியலையும் மருந்தியலையும் சத்திர சிகிச்சையையும் முழுமையாகச் சேர்த்துக்கொண்டனர். 1973அளவில் எல்லா மாநிலங்களிலும் முழு வைத்திய உரிமை பெற்றனர். அக்காலத்தையொட்டிக் கிளைகளும் பரவத் தொடங்கின. 1974இல் மேற்கு வேர்ஜினியா மலைநாட்டின் லூயிஸ்பேர்க்கில் ஒரு கல்லூரி முதல் மாணவரைச் சேர்த்தது. 1997இல் கென்ரக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமாகிய பைக்வில்லில் இன்னொன்று எழுந்தது. வைத்தியர் செல்ல மறுத்த ஊர்களிலே வைத்தியரை உருவாக்குவது இவற்றின் குறிக்கோள். பழைய கல்லூரிகளும் தூர இடங்களில் கிளை வளாகங்களைத் திறந்தன. பென்சில்வேனியாவின் ஈரி நகரக் கல்லூரி 2004இல் புளோரிடாவிலும், பிலடெல்பியாக் கல்லூரி 2005இல் ஜோர்ஜியாவிலும் கிளை அமைத்தன.

இவ்வாறு புதிதாக எழும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவன் ஒரு துணிச்சலான செயலையே செய்கின்றான். முதல் அணியினர் பட்டம் பெற்று வெளியேறும் வரை அதற்கு முழு அங்கீகாரம் கிடைப்பதில்லை. கல்லூரி மாணவனைச் சோதிப்பது போலவே மாணவனும் கல்லூரியைச் சோதிக்கின்றான். ஆனால் அங்குள்ள பெருங்குறை யாதெனில், இக்கல்லூரிகளிற் பல தனியார் நிறுவனங்கள் என்பதேயாம். விண்ணப்பிப்பதற்கே கட்டணம், கற்பதற்குப் பெருந்தொகை, பட்டம் பெறும்போது கழுத்தளவு கடன். கடன்பட்ட வைத்தியன் ஏழைக் கிராமத்தை நாடுவானா, ஊதியம் மிகுந்த நகரத்தை நாடுவானா? கல்லூரியைக் கிராமத்துக்குக் கொண்டுசென்ற அதே சமுதாயம், வைத்தியனை நகரத்துக்குத் துரத்தும் கடனையும் கூடவே அனுப்பிவைத்தது.

இவ்வாறு ஊருக்கென உருவாக்கிய வைத்தியன் ஊரைவிட்டுப் போகும் சிக்கலை நம் நாட்டில் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டார். அவர் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கைக்கு வந்த அவர் மானிப்பாயில் வைத்திய வகுப்பை ஆரம்பித்தார். அவரிடம் கற்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகத்தையும் தோட்டத்துரைமாரின் ஊதியத்தையும் நாடி ஊரைவிட்டு அகன்றனர். இதனைக் கண்ட கிறீன் வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். 1867இல் இரண வைத்தியமும் 1872இல் மனுஷ அங்காதிபாதமும் தமிழில் வெளிவந்தன. அவருடைய சமய நோக்கம் வேறு. எனினும், கல்வியின் மொழியும் வைத்தியனின் இருப்பிடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

கிறீனின் வழி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தோன்றியது. இரண்டாவது மருத்துவ பீடம் பேராதனையில் 1962இல் எழும் வரை, 92 ஆண்டுகள், மேலைத்தேய வைத்தியம் பயில விரும்பிய இலங்கை மாணவன் கொழும்பையே நாடவேண்டியிருந்தது. 1978இல் யாழ்ப்பாணத்திலும் உருகுணையிலும் பீடங்கள் தோன்றின. இன்று பெற்றோர் முதலில் எழுதச் சொல்லும் பேராதனையும் யாழ்ப்பாணமும் ஒருகாலத்தில் 'பிறகு வந்தவை'யே என்க.

இதற்கிடையில் விண்ணப்பத்தின் நியாயமே கேள்விக்குள்ளாயிற்று. 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 புள்ளியும் போதுமென வரையறுத்தமை தமிழிளைஞர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. இவ்வநீதியை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தல் இயலாது. ஆயினும் வரலாற்றை முழுமையாகக் கூறுதல் வேண்டும். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தில் ஒரு முகத்தையும் மட்டக்களப்பில் வேறொரு முகத்தையும் காட்டிற்று. விஞ்ஞான ஆய்வுகூடங்கள் அரிதாயிருந்த வாவிக்கரைப் பாடசாலைகளின் பிள்ளைகள் சிலருக்கு அதுவே முதன்முறையாக மருத்துவ பீடத்தின் படியைக் காட்டியது. இனப் பாகுபாடும் பிரதேச ஏற்றத்தாழ்வும் வெவ்வேறானவை; ஒன்றை எதிர்ப்பவர் மற்றொன்றைக் காணாதிருத்தல் தகாது. இன்றைய முறையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடங்கள் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அப்பின்தங்கிய பட்டியலில் இடம்பெறுகின்றது.

இனி நமது பிரதேசத்தின் கல்வி வரலாற்றுக்கு வருவோம். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவ்வளாகம் கண்ட துயரம் சாதாரணமானதன்று. 1990இல் அது அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கு தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேரைப் படையினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆழிப்பேரலையின் அழிவு ஆறுமுன்னரே, 2005–2006 காலப்பகுதியில், சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் உருப்பெற்றது. மருத்துவமும் தாதியமும் அங்கே பட்டப்படிப்புகளாயின. மட்டக்களப்பு வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாயிற்று. அதே 2006ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் நாள் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். இத்தகைய காலத்தில், இத்தகைய இடத்தில், முதல் அணி மாணவர்கள் விண்ணப்பித்து வந்து சேர்ந்தனர் என்பதை எண்ணும்போது, 'கடைசியிலே போடட்டும்' என்னும் சொல் நம்மை நாணச் செய்கின்றதன்றோ?

கிழக்கின் இன்னொரு கிளையையும் இங்கே குறிப்பிடல் பொருத்தமானது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஸ்ரிலின் மாணவர்களைப் போலவே சித்த மருத்துவ மாணவரும் 'மற்றைய வைத்தியம்' என்னும் பார்வையை எதிர்கொள்கின்றனர். ஒஸ்தியோபதியின் வரலாறு அவர்களுக்கு ஒரு பாடம் கூறுகின்றது. பழமையைப் போற்றுவதால் மாத்திரம் மதிப்புக் கிடைப்பதில்லை. சோதனைக்கு உட்பட்டு, பிழையானதைக் கைவிட்டு, மெய்யானதை நிலைநாட்டுவதாலேயே அது கிடைக்கின்றது.

ஆகவே, புதிய கிளை தாழ்ந்ததன்று. ஆயின் கிளை தோன்றியமையாற் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. மட்டக்களப்பு மருத்துவ பீடத்துக்கு நாடெங்கும் இருந்து மாணவர் வருகின்றனர். அது வரவேற்கத்தக்கதே. தெற்கிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, கட்டிலிற் கிடக்கும் மூதாட்டியிடம் "எங்கேயம்மா நோகுது?" என்று தமிழிற் கேட்கக் கற்றுக்கொள்வது இந்நாட்டுக்கு வேண்டிய கல்விகளுள் ஒன்றாகும். ஆனால் அப்பீடத்திலிருந்து சில மைல் தூரத்திலுள்ள படுவான்கரைப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதற்கு விண்ணப்பிக்கும் நிலையில் உள்ளனர்? 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று நம்மக்கள் அழைக்கும் மிதவையில் ஏறியே அத்துறையைக் கடந்தோம். இன்று வாவிக்குப் பாலம் உண்டு. கல்விக்குப் பாலம் எங்கே? உயர்தர உயிரியற் பிரிவு நடைபெறும் பாடசாலைகள் எழுவான்கரையிலேயே செறிந்துள்ளன. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியரின்மையால் திறமைமிக்க பிள்ளை கலைப்பிரிவுக்குத் திரும்புவதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். விண்ணப்பப் படிவம் எல்லார்க்கும் பொது. அதனை நிரப்பும் தகுதியைப் பெறும் வாய்ப்பு எல்லார்க்கும் பொதுவானதன்று.

மொழியும் அத்தகையதே. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் விஞ்ஞானம் கற்ற பிள்ளை பீடத்தினுள் காலடி வைத்த அன்றே ஆங்கிலத்தில் கற்கத் தொடங்குகின்றது. இவ்வாவிக்கரையின் மைந்தராகிய விபுலானந்த அடிகள் தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணிக்கு 1930களிலேயே உழைத்தவர். அப்பணி தொடர்ந்திருப்பின் ஆங்கிலமும் தமிழும் கைகோத்த மருத்துவக் கல்வி இன்று இயல்பான ஒன்றாக இருந்திருக்கும். ஆங்கிலத்தை வெறுக்க வேண்டியதில்லை. நோயாளியின் மொழியிலே நோயை விளக்க இயலாத அறிவு அரைகுறை அறிவே என்பதே நமது கருத்து.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த ஆண்டும் அம்மாணவன் வருவான். அதே வினாவைக் கேட்பான். அவனுடைய விருப்பம் அவனுடையது. அதனை நாம் கட்டாயப்படுத்தலாகாது. தூரதேசம் சென்று கற்பதும் நல்லதே. ஆனால் 'பிறகு வந்தது' என்பதற்காகத் தன் ஊரின் பீடத்தைக் கடைசியில் எழுதவேண்டியதில்லை என்பதை வரலாறு காட்டி விளக்குவோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவ்வினாவைக் கேட்கவே வராத பிள்ளையொன்று படுவான்கரையிலே உண்டு. அதற்கு ஓர் ஆய்வுகூடமும், ஊரிலே தங்கிக் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரும் வேண்டும் என்று அதிகாரிகளிடமும் ஆசிரியர் சங்கங்களிலும் ஓயாது கேட்போமாக. அப்பிள்ளையும் தன் படிவத்தை நிரப்பி நம்மிடம் கொண்டுவரும் நாளிலேயே, வாவிக்கரையில் முளைத்த கிளை தன் மண்ணில் வேர்கொண்டது எனக் கூறுதல் தகும்.