மூணு ஸ்க்ரூவின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது உள்ளங்கையில வச்சு மூடிடக்கூடிய ஒரு சின்னப் பொருளைப் பத்தி. செயின்சா, அதாவது மரம் அறுக்கிற மெஷின், அதோட கார்புரேட்டர். அதுல மூணு ஸ்க்ரூ இருக்கும். அந்த மூணையும் யார் திருப்பலாம்ங்கிற கேள்வி கிட்டத்தட்ட முப்பது வருஷமா ஓடிட்டிருக்கு.

கதை ஜெர்மனியில ஆரம்பிக்குது. 1926-ல ஆன்ட்ரியாஸ் ஷ்டீல், ஷ்டுட்கார்ட் நகரத்துல கம்பெனி தொடங்கினார். 1927-ல எமில் லெர்ப், துரிங்கியா பகுதியில இருக்கிற டோல்மார் மலையில தன்னோட பெட்ரோல் ரம்பத்தைச் சோதிச்சுப் பார்த்தார். அந்த மலையோட பேரே பிராண்ட் பேரா நின்னுடுச்சு. அந்தக் காலத்து மெஷின்கள் 50 கிலோவை ஒட்டின எடை. ஆளுக்கு ஒரு முனைன்னு ரெண்டு பேர் பிடிச்சாதான் வேலை நடக்கும்.

எடை ஒரு பிரச்சினைன்னா, கார்புரேட்டர் இன்னொரு பிரச்சினை. ஆரம்பத்துல வந்தது மிதவை வச்ச கார்புரேட்டர், நம்ம பழைய பைக்ல இருக்கிற அதே வகை. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்கை நினைச்சுக்கோங்க: அளவு ஏறினா மிதவை மேல வந்து வால்வை அடைச்சிடும். பைக் நிமிர்ந்தே ஓடும், அதனால சிக்கல் இல்ல. ஆனா மரத்தைச் சாய்க்கணும்னா ரம்பம் படுத்த வாக்குல இருக்கணும், விழுந்த மரத்தைத் துண்டு போடணும்னா நிமிரணும். மெஷினைச் சாய்ச்சா பெட்ரோல் வழியும், இல்லன்னா வராமலே நின்னுடும். அதனால பல மாடல்கள்ல இன்ஜினை நிமிர்த்தியே வச்சு, ரம்பத்தை மட்டும் திருப்பிக்கிற மாதிரி செஞ்சாங்க. பக் ஒரு இடத்துல இருக்க, பேட்ச் வேற இடத்துல போட்ட கதைதான்.

சரியான தீர்வு டயாஃப்ரம் கார்புரேட்டர். மிதவைக்குப் பதிலா ஒரு மெல்லிய சவ்வு. சவ்வோட ஒரு பக்கம் வெளிக்காத்து, இன்னொரு பக்கம் பெட்ரோல். இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சும்போது சவ்வு உள்ள வளைஞ்சு, ஒரு சின்ன லீவரை அமுக்கி, ஊசி வால்வைத் திறக்கும். டேங்க்ல இருந்து பெட்ரோலை இழுக்க இன்னொரு சவ்வு உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸ்ல வர்ற அழுத்தத் துடிப்புதான் அதை இயக்குது. தனியா மோட்டார் எதுவும் கிடையாது. தலைகீழா பிடிச்சாலும் ஓடும். அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரத்து டில்லட்சன் கம்பெனியோட எச்எல் வரிசை இதுல ரொம்பப் பிரபலம்.

எடையும் இறங்கிச்சு. 1949-ல வந்த மக்கல்லக் 3-25 சுமார் 11 கிலோ. 1959-ல வந்த ஷ்டீல் கான்ட்ரா 12 கிலோ, 6 குதிரைத்திறன். காட்டுல ஒரே ஆள் நின்னு மரம் சாய்க்க முடிஞ்சது.

இப்போ அந்த மூணு ஸ்க்ரூ. எல், மெதுவா ஓடும்போது போற பெட்ரோலுக்கு. எச், முழு வேகத்துக்கு. மூணாவது ஐட்லிங் வேகத்துக்கு. எல், எச் ரெண்டையும் உள்ள திருகினா பெட்ரோல் குறையும், வெளிய திருகினா கூடும்.

ட்யூனிங்ல முதல் விதி: ஸ்க்ரூவைக் கடைசியா தொடு. முதல்ல ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணணும், புது பெட்ரோல் ஊத்தணும், இன்ஜினைச் சூடாக்கணும். ஆக்ஸிலரேட்டரை அமுக்கினதும் திக்கித் திணறினா எல்-ஐக் கொஞ்சம் வெளிய எடுக்கணும். ஐட்லிங்ல செயின் சுத்தவே கூடாது. சுத்தினா அது வெறும் ட்யூனிங் குறை இல்ல, கால் போற விஷயம். ஆக்ஸிலரேட்டரை விட்டும் வேகம் இறங்காம நின்னா, எங்கயோ காத்து கசியுதுன்னு சந்தேகப்படணும். சீல், ரப்பர் ட்யூப் எல்லாம் பார்க்கணும். அதை ஸ்க்ரூவால மறைச்சா, எர்ரரைச் சரிபண்ணாம லாகை மட்டும் ஆஃப் பண்ற மாதிரி.

எச் ஸ்க்ரூதான் ஆபத்தானது. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயிலும் பெட்ரோலோட கலந்துதான் உள்ள போகும். பெட்ரோலைக் குறைச்சா ஆயிலும் குறையும். வேகம் கூடும், சத்தம் கூர்மையாகும், கேக்க நல்லாவே இருக்கும். ஆனா உள்ள பிஸ்டன் காய்ஞ்சு சிலிண்டரோட பிடிச்சுக்கும். அனுபவமுள்ள மரவெட்டிகள் இதைக் காதாலயே பிடிப்பாங்க. சும்மா முழு வேகத்துல ஓடும்போது சத்தம் லேசா உடைஞ்சு உடைஞ்சு வரணும், ரம்பம் மரத்துல இறங்கினதும் அது சுத்தமாகணும். அப்படின்னா அளவு சரி.

1990-கள்ல இந்த ஸ்க்ரூக்கள் மேல சட்டம் கை வச்சது. டூ ஸ்ட்ரோக்ல கணிசமான பெட்ரோல் எரியாமலே புகையோட வெளிய போயிடும். 1995-ல கலிஃபோர்னியாவும், 1997 மாடல்கள்ல இருந்து அமெரிக்க அரசும் சின்ன இன்ஜின்களுக்கு மாசு வரம்பு கொண்டுவந்தாங்க. கம்பெனிகள் ஸ்க்ரூ மேல மூடி போட்டு, கொஞ்ச தூரம் மட்டும் திரும்பற மாதிரி பண்ணினாங்க. சில மெஷின்கள்ல சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுழையாத தலையே வந்துடுச்சு. அப்புறம் ஷ்டீலோட எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவோட ஆட்டோட்யூன் வந்து, அந்த வேலையை ஒரு சின்ன கம்ப்யூட்டரே பார்க்க ஆரம்பிச்சது.

நமக்கும் இது புதுசு இல்ல. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்போ நம்ம பைக்ல இருந்து கார்புரேட்டர் விடைபெற்றதும் இதே காரணத்துக்குத்தான்.

எனக்குத் தோணுறது இது: சட்டம் கேட்டது நியாயம். அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது மெஷினைப் பிடிச்சிருக்கிற ஆள்தான். ஆனா மலை உச்சியில காத்து மெலியும்போது பெட்ரோலையும் குறைக்கணும். அங்க மெஷின் மூச்சு வாங்கும்போது, ட்யூன் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர் மூடி போட்ட ஸ்க்ரூவைப் பார்த்துட்டு சும்மா நிக்கிறதும் நஷ்டம்தான். கம்ப்யூட்டர் நல்லாவே ட்யூன் பண்ணுது. ஏன் அப்படிப் பண்ணுச்சுன்னு மட்டும் அது நமக்குச் சொல்றதில்ல. ஆட்டோமேஷன் எழுதிச் சம்பாதிக்கிற நாம யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.