நெடுங்கால வேலையின்மை: பிரிட்டன், 1979–1997

வேலை தேடும் ஒருவர் தொடர்ந்து ஓராண்டோ அதற்கு மேலோ வேலையின்றி இருப்பதை நெடுங்கால வேலையின்மை என்பர். பெரும்பாலான நாடுகளில் 12 மாதமே வரம்பு. அமெரிக்கா 27 வாரத்திலேயே கோட்டைப் போட்டுவிடுகிறது. அரசு எடுக்கும் பொருளாதார முடிவுகள் இந்நிலையை எப்படி உண்டாக்குகின்றன, நோக்கம் நிறைவேறிய பிறகும் அது ஏன் விலகுவதில்லை என்பதை 1980களின் பிரிட்டனில் தெளிவாகக் காணலாம்.

வேலைவாய்ப்பை உயர்ந்த நிலையில் வைத்திருப்பது அரசின் பொறுப்பு என்று 1944ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை ஏற்றுக்கொண்டது. இரு பெரிய கட்சிகளும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை மீறவில்லை. 1970களின் பணவீக்கம் அந்த உடன்பாட்டைக் குலைத்தது. 1979 மே மாதம் பிரதமரான மார்கரெட் தாட்சர், விலைவாசியை அடக்குவதையே முதல் வேலையாகக் கொண்டார். நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதமாக்கினார். நவம்பரில் வட்டி விகிதம் 17 சதவீதத்தைத் தொட்டது. வட கடல் எண்ணெய் வருவாயும் சேர்ந்துகொள்ள, பவுண்டின் மதிப்பு ஏறியது. ஏற்றுமதியை நம்பியிருந்த ஆலைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1980இல் கான்செட் உருக்காலை மூடப்பட்டது. கோர்பியிலும் எஃகு உற்பத்தி நின்றது. பொருளாதாரத் தேக்கத்தின் நடுவிலேயே 1981 மார்ச் பட்ஜெட் வரிச்சுமையைக் கூட்டியது. அதைக் கண்டித்து 364 பொருளியலாளர்கள் 'தி டைம்ஸ்' நாளிதழில் அறிக்கை வெளியிட்டனர். 1982 ஜனவரியில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டியது. 1980இல் ஏறத்தாழ 22 சதவீதம் வரை போன பணவீக்கம் 1983இல் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

உற்பத்தி 1981இலேயே மீளத் தொடங்கியும் வேலையின்மை 1986 வரை இறங்கவில்லை. அதற்குள் வேலையற்றோரில் ஐந்துக்கு இரண்டு பேர் ஓராண்டைக் கடந்துவிட்டனர். அவர்கள் மட்டும் 10 இலட்சத்துக்கு மேல். வேலை தேடுவோர் இத்தனை பேர் இருந்தால் கூலி அடங்கும், முதலாளிகள் மீண்டும் ஆள் எடுப்பார்கள் என்பதுதான் பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் சராசரி ஊதியம் ஆண்டுக்கு 7 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஒலிவியே பிளான்சார்ட், லாரன்ஸ் சம்மர்ஸ் இருவரும் 1986இல் எழுதிய கட்டுரை, காந்தவியலின் 'தயக்கம்' என்னும் கருத்தைக் கொண்டு இதை விளக்கியது: ஒரு பொருள்மீது செலுத்திய விசையை எடுத்த பிறகும் அதன் தாக்கம் எஞ்சியிருப்பதுபோல, தேக்கம் நீங்கியும் வேலையின்மை தங்கிவிடுகிறது. ஊதியப் பேச்சில் உட்காருபவர்கள் வேலையில் இருப்பவர்களே. வெளியே நிற்பவருக்கு அங்கே குரல் இல்லை. ரிச்சர்ட் லேயார்டும் ஸ்டீபன் நிக்கெலும் இன்னொரு பக்கத்தைக் காட்டினர். ஓராண்டு வேலையின்றி இருந்தவரின் தொழில்திறன் மங்குகிறது, தேடும் முனைப்பு தளர்கிறது, அவருடைய விண்ணப்பத்தை முதலாளி சந்தேகத்தோடு பார்க்கிறார். பட்டியலில் பெயர் இருந்தும் அவர் போட்டியில் இல்லை. விலைவாசியை அடக்கும் கருவியாக வேலையின்மையைக் கையாண்டவர்களுக்கு இது பெரும் சங்கடம்: கருவி நாள்பட நாள்பட மழுங்கியது, அதற்கான விலை மட்டும் குறையவில்லை.

கணக்கெடுப்பும் மாறிக்கொண்டே இருந்தது. 1982 அக்டோபர் முதல் வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்தவர்களுக்குப் பதிலாக உதவித்தொகை பெறுபவர்களே எண்ணப்பட்டனர். அடுத்த ஆண்டு 60 வயதைக் கடந்த ஆண்கள் பலர் கணக்கிலிருந்து விலக்கப்பட்டனர். இவற்றைவிடப் பெரிய நகர்வு ஓசையின்றி நடந்தது. சுரங்கமும் ஆலையும் மூடிய ஊர்களில் நடுவயது ஆண்கள் உடல்நலமின்மைக்கான உதவித்தொகைக்கு மாறினர். அது வேலையில்லாப் படியைவிடக் கூடுதல். வேலை தேடிய சான்றும் காட்ட வேண்டியதில்லை. இதை ஏமாற்று என்று சொல்வது எளிது. ஆனால் சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோயும் முதுகுவலியும் பொய்யல்ல. வேலை இருந்த காலத்தில் அவற்றோடுதான் உழைத்தார்கள். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் ஃபாதர்கில் ஆகியோர் இதை மறைமுக வேலையின்மை என்று வகைப்படுத்தினர்.

அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. நாட்டுடைமைத் தொழில்களில் தேவைக்கு மேல் ஆட்கள் இருந்தனர், பல சுரங்கங்கள் நட்டத்தில் ஓடின, அதே காலத்தில் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வேலையின்மை உயர்ந்தது. பணவீக்கத்தை வலியின்றிக் குறைக்கும் வழி இருந்தது என்று அடித்துச் சொல்வதும் கடினம். ஆனால் வேகத்தையும் சுமை விழும் இடத்தையும் தேர்ந்தெடுத்தது அரசுதான். இரண்டாவது தேக்கத்தின்போது, 1991இல், நிதியமைச்சர் நார்மன் லாமோன்ட் வேலையின்மையைப் பணவீக்கக் குறைப்புக்குத் தரத்தக்க விலை என்றே நாடாளுமன்றத்தில் கூறினார்.

பரிகாரங்கள் தாமதமாக வந்தன. 1986இன் ரீஸ்டார்ட் திட்டம் ஓராண்டைக் கடந்தவர்களை நேர்காணலுக்கு அழைத்தது. 1996இல் கண்டிப்பு மிகுந்த வேலை தேடுவோர் படி வந்தது. இவற்றால் பட்டியல் சுருங்கியது. ஆலை போன ஊருக்கு ஆலை வரவில்லை.

சுரங்கத் தொழிலாளர்களின் 1984–85 வேலைநிறுத்தத்தின் தொடக்கத்தில் 170 அளவில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களில் மிகச் சிலவே 1994 இறுதியில் தனியாருக்குப் போயின. டர்ஹாம் மாவட்டத்து ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்கள் சுமார் 18 சதவீதம். ஈசிங்டனிலும், வேல்ஸின் பழைய இரும்பு, நிலக்கரி நகரமான மெர்தர் டிட்ஃபிலிலும் அது 30 சதவீத அளவில் இருந்தது.